கரை காணாத எழுத்து

அம்சவள்ளி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, சாலையின் குறுக்கே வெட்டிச் சாய்த்திருந்த புளியமரத்தின் மேல் ஏறினாள். கிளை கீறி முழங்காலில் ரத்தம். துடைக்க நேரமில்லை.

“எக்கா, எங்க ஓடற? பஸ்ஸு இல்ல, ஜீப்பு இல்ல. மாட்டு வண்டியகூட வுடமாட்டோம்!” மறியலில் உட்கார்ந்திருந்த ஒருவன் கத்தினான்.

“என் காலு இன்னா வண்டியாடா? நகரு!”

சிரித்தபடி நகர்ந்தான்.

1987 செப்டம்பர். இட ஒதுக்கீட்டுப் போராட்டத்தின் மூன்றாம் நாள். கல்வராயன் மலை அடிவாரத்திலிருந்து சங்கராபுரம் வரை மரங்கள் விழுந்து கிடந்தன. அவள் ரவிக்கைக்குள் ஒரு கடிதம். முழுக்கச் சீன எழுத்து. சிங்கப்பூரில் அவள் கணவன் மாயவன் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரரான சீனர் எழுதியது.

மாயவன் வேலைக்குச் சேர்ந்த சரக்குக் கப்பல் ஆடி மாதம் மூழ்கிவிட்டதாகத் தகவல். இன்று பொழுது சாய்வதற்குள் தாலியை எடுத்துவிடுவதென்று கொழுந்தன் சின்னராசு முடிவு செய்துவிட்டான். சொந்தக்காரர்கள் வந்து உட்கார்ந்தாயிற்று. அதற்குள் கடிதத்தைப் படித்தாக வேண்டும். படிக்கத் தெரிந்த ஒரே ஆள், சங்கராபுரம் மளிகைக் கடை சுபைர் பாய். சிங்கப்பூரில் சீன முதலாளியிடம் பன்னிரண்டு வருஷம் இருந்தவர்.

பாதி சாத்திய கடைக்குள் விழுந்தடித்து நுழைந்தாள்.

“பாய், உசுரோட இருக்காரா, இல்லியா? அத மட்டும் சொல்லுங்க!”

சுபைர் கண்ணாடியை மாட்டினார். ஒரு எழுத்தின் மேல் விரல் நின்றது.

“இது ‘மாங்’, தங்கச்சி. மேல புல்லு, இந்தப் பக்கம் மூணு சொட்டுத் தண்ணி, அந்தப் பக்கம் தொலைஞ்சு போறது. சேர்ந்தா, கண்ணுக்கு எட்டாத பரப்பு. ‘மாங் மாங்’னு ரெண்டு தபா எழுதியிருக்காரு. கரையே தெரியாத கடல். கப்பல் போன எடம்.”

“அப்புறம்?”

“‘மாங் ரான்.’ ஒண்ணும் புரியாம தெகச்சுப்போய் நிக்கிறது. இத எழுதுன சீனரு நெலம அப்படி இருக்குதாம், உனக்கு இன்னா சொல்றதுன்னே தெரியலியாம்.”

“அவரு நெலம யாருக்கு வேணும்! மேல படிங்க!”

“இங்கியும் அதே எழுத்து. ‘மியாவ் மாங்.’ ரொம்ப தூரத்துல மங்கலா தெரியறது. கப்பல்ல போனவங்க பொழச்சிருப்பாங்கன்ற நம்பிக்கை அப்படித்தானாம்.”

அம்சவள்ளியின் கை தாலியை இறுக்கியது. சுபைர் அவசரமாகக் கடிதத்தை மடித்தார்.

“அவ்ளோதான். வூட்டுக்குப் போ தங்கச்சி. ஆகவேண்டியதப் பாரு.”

“பாய்! கீழ இன்னும் ரெண்டு வரி இருக்குதே?”

“சும்மா விசாரிப்புதான்.”

“விசாரிப்புன்னா ஏன் அவசரமா மடிச்சீங்க? உங்க புள்ளைங்க மேல ஆண, படிங்க!”

சுபைர் வெளியே பார்த்தார். வெயில் சரிந்துகொண்டிருந்தது. கண்ணாடியைக் கழற்றிக் கீழே வைத்தார்.

“செத்துட்டான்னு நெனச்சா அழுது தீத்துடுவியேன்னு பாத்தேம்மா… மாயவன் அந்தக் கப்பல்ல ஏறவே இல்ல. கெளம்பறதுக்கு மொத நாளே பொட்டியத் தூக்கிக்கினு எங்கியோ போயிட்டான். ஊர்லருந்து யாராச்சும் கேட்டா, கப்பல்ல போயிட்டேன்னு சொல்லிடுங்கன்னு இத எழுதுனவர்கிட்ட சொல்லிட்டுத்தான் போனானாம்.”