பத்துக்கு ஏழு பேர்

கல்லூரி நூலகரம்மாவுக்கு அன்று காலையிலிருந்தே ஒரே பதற்றம். படிப்பது உண்மைதானா என்று சரிபார்க்கக் கற்றுத்தர வாரத்துக்கு ஒரு மணி நேரம் அவர் நடத்தும் வகுப்பைப் பார்க்க முதல்வர் வருகிறார். பிடித்தால் வகுப்பு தொடரும். பிடிக்காவிட்டால் அந்த நேரம் தேர்வுப் பயிற்சிக்குப் போய்விடும். அப்புறம் மிஞ்சுவது புத்தகம் அடுக்குவதும் "சத்தம் போடாதீங்க" என்று அதட்டுவதும்தான். அதட்டுவது அவருக்குச் சரிவராது, அந்தக் கட்டடத்திலேயே பெரிய வாய் அவருடையது.

அதனால் தடபுடலாக ஏற்பாடு செய்திருந்தார். சூயிங்கம் மென்றால் கணக்கு நன்றாக வரும் என்று ஒரு போலிக் கட்டுரை. எழுதிய மருத்துவராகத் தன் தம்பிக்கு வெள்ளைக் கோட்டு மாட்டிப் படம் எடுத்துப் போட்டிருந்தார். தம்பி விற்பது டயர். மாணவர்கள் கணினியில் துருவி, அப்படியொரு மருத்துவரே கிடையாது என்று சீக்கிரமே அவனைக் கிழித்துத் தொங்கவிட்டார்கள். பின்வரிசையில் முதல்வர் புன்னகைத்தார். நூலகருக்கு உயிர் வந்தது.

அப்போதுதான் கை தூக்கினாள் ஒருத்தி. எதையும் விடாமல் கிளறுவதால் வகுப்பே அவளுக்கு 'நோண்டி' என்று பட்டம் கட்டியிருந்தது.

"மேடம், நீங்க குடுத்த பாடத் தாள்ல முதல் வரி. மாணவர்கள்ல பத்துக்கு ஏழு பேர் படிக்கிறத சரிபாக்காம நம்புறாங்களாம். இத யாரு எண்ணினது?"

"கீழ அடிக்குறிப்பு இருக்கு பாரு," என்றார் நூலகர் பெருமையாக. "வா, எல்லாரும் சேர்ந்து போய்ப் பாக்கலாம்."

பெரிய திரையில் திறந்தார். அடிக்குறிப்பு வேறொரு கல்லூரி நூலகத்தின் கையேட்டுக்குப் போனது. கையேடு ஓர் ஆசிரியரின் கட்டுரையைக் காட்டியது. கட்டுரையின் கடைசியில் ஆதாரமாக இருந்தது இதே நூலகர் பல வருடங்களுக்கு முன் அச்சடித்துக் கொடுத்த தாள்.

அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. முதல் வருடம் ஏதோ கூட்டத்தில் யாரோ சொன்னதை எழுதி, ஆதாரத்தை அப்புறம் தேடிக்கொள்ளலாம் என்று விட்டிருந்தார். பிறகு அந்தக் கையேட்டில் அதே எண்ணைப் பார்த்ததும், அப்பாடா கிடைத்துவிட்டது என்று அடிக்குறிப்பு போட்டுக்கொண்டார்.

முதல்வர் கைதட்டியே விட்டார். "பிரமாதம் மேடம்! போலி டாக்டர காட்டி அசர வெச்சுட்டு, நிஜப் பொறிய தாள்லயே வெச்சிருக்கீங்களே!"

வகுப்பே நூலகரை வாய் பிளந்து பார்த்தது. லேசாகத் தலையாட்டினால் போதும், வகுப்பு பிழைத்துவிடும். கழுத்து கிட்டத்தட்டக் கிளம்பியும் விட்டது.

"இல்ல சார்," என்றார். "பொறியெல்லாம் இல்ல. நான் ஏமாந்ததுதான். சத்தியமா எனக்கே தெரியாது."

"அதுக்கு என்ன மேடம் ஆதாரம்?" என்றாள் நோண்டி. "சும்மா அடக்கத்துக்குச் சொல்றீங்களோ என்னவோ."

வகுப்பு கொல்லென்று சிரித்தது. நூலகர் அலமாரியைத் திறந்து பழைய தாள்களை அள்ளி மேசையில் போட்டார். ஒவ்வொரு வருடத்துத் தாளிலும் அதே முதல் வரி.

முதல்வரின் முகம் தொங்கிப்போனது. "இத்தனை வருஷமா இதையா சொல்லிக்குடுத்தீங்க? ஒருத்தர்கூட கேக்கலியா?"

"கேக்கல சார். நானே கேக்கல." வெட்கம் பிடுங்கித் தின்றது, கூடவே அடக்க முடியாத சந்தோஷமும். "இன்னைக்கு இவதான் கேட்டா. இங்க கத்துக்கிட்டத வெச்சே என்னப் பிடிச்சிட்டா."

முதல்வர் தாள்களையும் நோண்டியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சரி, வகுப்பு இருக்கட்டும்," என்றார். பிறகு நூலகரின் அருகில் வந்து குரலைத் தாழ்த்தினார். "ஆனா ஒண்ணு. ஆண்டு விழாவுல புள்ளிவிவரமா அள்ளிவிட்டு நான் பேசின பேச்சு நம்ம இணையதளத்துலயே கிடக்கு. அத மட்டும் இந்தப் பொண்ணு கண்ணுல காட்டிடாதீங்க."

நூலகத்தில் கிசுகிசுத்தால் கடைசி வரிசைவரை கேட்கும் என்பது பாவம் அவருக்குத் தெரியாது. நோண்டி அதற்குள் தேட ஆரம்பித்துவிட்டாள்.