கார்புரேட்டரில் குடியிருப்பவர்

மணலில் ஓடும் என் ஏடிவி வண்டியின் கார்புரேட்டரில் அனவரதம் சார் குடியிருக்கிறார். தபால் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் குடியிருப்பதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. வண்டியை ஓடவிடாமல் குடியிருக்கிறார் பாருங்கள், அதுதான் வயிற்றெரிச்சல்.

கிளிமுனைக் கடற்கரையில் அந்த நாலு சக்கர வண்டியில் ஆட்களை ஏற்றி மணலில் ஒரு சுற்று கூட்டிப்போய் வருவதுதான் என் பிழைப்பு. இருபது வருஷத்துப் பழைய வண்டி. வெள்ளிக்கிழமை, கடற்கரை வண்டிகளுக்கு அனுமதி தரும் அதிகாரி தமயந்தி மேடம் சோதனைக்கு வருவதாகத் தகவல் வந்தது. அவர் பின்னால் உட்கார, வண்டி எங்கும் நிற்காமல், கடலுக்குள் கல் கொட்டி நீட்டியிருக்கும் தூண்டில் வளைவு வரை போய்த் திரும்ப வேண்டும். நடுவில் நின்றுவிட்டால் கடற்கரையில் எனக்கு இடம் கிடையாது. எனக்கு வேறு தொழிலும் தெரியாது.

வியாழக்கிழமை காலை வண்டியை மெக்கானிக் வியாகுலத்திடம் தள்ளிக்கொண்டு போனேன். சோக்கை இழுத்தால் ஸ்டார்ட் ஆகிறது, சும்மா நிற்கும்போது ஒழுங்காக ஓடுகிறது, ஆக்ஸிலேட்டரை அழுத்தினால் இருமிக்கொண்டு அணைந்துவிடுகிறது என்று சொன்னேன். அவன் பிளக்கைக் கழற்றிப் பார்த்தான். கரி அப்பியிருந்தது. உள்ளே சமையல் நடக்கிறது என்றான். அடியில் பெட்ரோல் சொட்டுவதற்கும் காரணம் கண்டுபிடித்தான். சார் மிதவையைக் கட்டிலாக்கிப் படுத்திருக்கிறார். அவர் கனத்தில் அது மேலே எழும்பாததால் பெட்ரோல் நிற்காமல் வந்துகொண்டிருக்கிறது. பெட்ரோலை உறிஞ்சும் மெயின் ஜெட் துளையில் பழைய வேட்டியைக் கிழித்துத் திணித்திருந்தார். உறிஞ்சுகிற சத்தத்தில் மதியத் தூக்கம் கெடுகிறதாம்.

எல்லாவற்றையும் காற்றடித்து வெளியே தள்ளு என்றேன். வியாகுலம் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டான்.

"ஆள் குடியிருக்கிற இடத்துல காத்தடிக்க மாட்டேன் அண்ணே. நீங்களே பேசி முடிங்க."

நியாயம் பேசுகிறான்! யார் வண்டி, யார் பிழைப்பு? பல்லைக் கடித்துக்கொண்டு மண்டியிட்டு நானே பேசினேன். வேறு இடம் தருகிறேன் என்றேன். ஏர் ஃபில்டர் பெட்டி விசாலமானது, நல்ல காற்றோட்டம். தூசி ஆகாது என்றார். சைலன்சரைச் சொன்னேன். வெக்கை என்றார். பெட்ரோல் டாங்கியைச் சொன்னதற்கு, தனக்கு நீச்சல் தெரியாது என்றார். அதோடு விட்டாரா?

"மிக்கேல், நீங்க இந்த வண்டிய வாங்கி மூணு வருஷம். நான் இங்க வந்து பதினோரு வருஷம். யாரு யாரைக் காலி பண்ணச் சொல்றது?" என்றார்.



வெள்ளிக்கிழமை தமயந்தி மேடம் வந்து பின்னால் ஏறி உட்கார்ந்தார். கிளப்பினேன். மூன்றடி போய் அணைந்தது. இதற்கு நான் பொறுப்பில்லை, உள்ளே இருக்கிறவரைக் கேளுங்கள் என்று கத்தினேன். மேடம் இறங்கி, கார்புரேட்டர் பக்கமாகக் குனிந்து, பத்து நிமிஷம் பேசினார். சார் காப்பி கொடுத்தார். மேடம் குடித்துவிட்டு டிகாக்ஷன் நன்றாக இறங்கியிருக்கிறது என்று வேறு சொன்னார். இந்த மூன்று வருஷத்தில் எனக்கு ஒரு வாய் காப்பி கொடுத்திருப்பாரா அந்த மனுஷன்?

மேடம் படிவத்தில் 'வீடு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். வீட்டை ஓட்டிக் காட்டச் சொல்லத் தனக்கு அதிகாரம் இல்லை என்றார். அப்படியானால் என் இடம்? நான் எதை வைத்துப் பிழைப்பேன்? மேடத்தை மறித்துக்கொண்டு கேட்டேன். அழுகையா ஆத்திரமா என்று எனக்கே தெரியவில்லை.

"உங்க இடம் உங்களுக்குத்தான். வீடு நகரக் கூடாது, அவ்வளவுதான். நாளையிலேர்ந்து கடற்கரை போயிட்டு வரும்," என்றார்.

சனிக்கிழமை காலை புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடி வந்து ஏறிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டது. வண்டி நிற்கும் அளவுக்கு மணலை விட்டுவிட்டு, மீதிக் கடற்கரை கிளம்பியது. படகுகள், வலை உலர்த்துகிறவர்கள், சுண்டல் கடை எல்லாம் எங்களைத் தாண்டிப் போயின. தூண்டில் வளைவு எங்களிடம் வந்து திரும்பிப் போனது. அந்தப் பெண் சிரித்துக்கொண்டே புருஷன் தோளைப் பிடித்துக்கொண்டாள். ஏழு நிமிஷத்தில் முடிய வேண்டிய சுற்றுக்குக் கடற்கரை பன்னிரண்டு நிமிஷம் எடுத்துக்கொண்டது. முதல் நாளே இப்படி ஆடி அசைந்து வந்தால் எப்படி என்று திட்டினேன்.

இன்னொரு சுற்று வேண்டும் என்றார்கள். அதில் பாதி வழியிலேயே கடற்கரை நின்றுவிட்டது. நானும் அந்த மாப்பிள்ளையும் இறங்கித் தள்ளினோம். நல்ல கனம். இடுப்பு விட்டுப்போயிற்று. அத்தனை பேர் கடற்கரையில் உட்கார்ந்து சுண்டல் தின்றுகொண்டிருந்தார்கள். ஒருத்தராவது இறங்கிக் கை கொடுக்க வேண்டுமே!