ஒரு நாள் முந்தும் பக்கம்

குப்பை வண்டி மணி ஒலித்ததும் கூடத்தில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். இன்னொரு கணினி சுத்தமாகிவிட்டது.

பொலிவியாவின் கொச்சபம்பா நகரில் வருடம் ஒருமுறை நடக்கும் விழா அது. வீட்டில் கிடக்கும் கணினியை யார் வேண்டுமானாலும் தூக்கிக்கொண்டு வரலாம். மேசைக்கு ஒருவராக உட்கார்ந்திருக்கும் தன்னார்வலர்கள், அதிலிருக்கும் திருட்டு மென்பொருளைத் துடைத்துவிட்டுக் கட்டற்ற மென்பொருளை ஏற்றிக் கொடுப்பார்கள். வேலை முடிந்ததும் சொந்தக்காரரே எழுந்து போய் மணியை ஆட்ட வேண்டும். காலையில் தெருவில் குப்பைக்காரர் ஆட்டிக்கொண்டு போவாரே, அதே மணிதான். எந்த வண்டியிலிருந்து அது இங்கே வந்தது என்று யாரும் கேட்பதில்லை.

லிம்பெர்ட் சுரீதா கடைசி மேசையில் இருந்தான். மருத்துவமனைக்குப் பின்னால் இருக்கும் சின்னப் பட்டறையில் பல்செட் செய்வது அவன் பிழைப்பு. மாலையில் கையிலிருக்கும் சாந்துத் தூளைக் கழுவிவிட்டு அவன் உட்கார்வது இணையதளங்கள் கட்ட. யாரும் அதற்குக் காசு தருவதில்லை. அதனாலேயே அதைப் பற்றி அவனுக்கு அபிப்பிராயங்கள் அதிகம். ஐம்பது வரி எழுத்தைக் காட்ட ஒரு காட்டையே இறக்குமதி செய்யும் மென்பொருள் கருவிகளை அவனுக்குப் பிடிக்காது. பெரிய கம்பெனி நடத்தும் கருவி அந்தக் கம்பெனிக்குச் சலித்ததும் செத்துப்போகும், தனி ஆள் நடத்தும் கருவி அந்த ஆளுக்குக் கல்யாணம் ஆனதும் செத்துப்போகும் என்பான்.

பக்கத்து மேசை யானெத், சால்தேன்யா என்ற கறியடைத்த பணியாரத்தின் குழம்பு வழியாமல் ஒரு நுனியைக் கடித்து உறிஞ்சிக்கொண்டே கைப்பேசியைப் படித்துக்கொண்டிருந்தாள். விழாவை நடத்துபவள் அவள்தான்.

“டேய் பல்லு, கேளு. கோரைப்பல் புதுசா எழுதியிருக்கான். ‘விளக்கக் குறிப்பு நிரலைவிட நீளமாக இருந்தால் அந்தக் கருவியைத் தொடாதீர்கள்.’ திமிரப் பாத்தியா?”

“சொன்னது சரிதானே?”

“சரிதான். சொன்னவன்தான் சரியில்ல. இவன் நம்ம ஊரா இருக்க மாட்டான், சாந்தா குரூஸ்காரனாத்தான் இருக்கணும். அங்க உள்ளவனுக்குத்தான் வாய் இவ்ளோ நீளும்.”

லிம்பெர்ட் சிரித்தான். கோரைப்பல் என்ற புனைபெயரில் இணையத்தில் எழுதுவது அவன்தான். அது யாருக்கும் தெரியாது. கோரைப்பல் கிழித்துத் தொங்கவிட்ட கருவிகளில் பாதியை இந்தக் கூடத்தில் இருப்பவர்கள் பயன்படுத்தினார்கள். அவர்கள் அந்தப் பதிவுகளை உரக்கப் படித்துத் திட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்து கேட்பதில் அவனுக்கு ஒரு ரகசிய ருசி இருந்தது.

அப்போதுதான் அந்தப் பெண் வந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். மேட்டுநிலத்துக் குளிருக்குத் தைத்த கோட்டை இந்த வெயிலிலும் கழற்றவில்லை. மடிக்கணினியை மேசையில் வைத்தவள் அதைத் திறக்கவில்லை.

“இதுல ஒண்ணும் மாத்த வேண்டாம். ஏற்கெனவே நல்லதத்தான் போட்டிருக்கேன்,” என்றாள். “நான் ஒரு ஆளத் தேடி வந்தேன். கோரைப்பல்னு எழுதுறவர் இங்க யாருக்காவது தெரியுமா?”

யானெத் வாயிலிருந்ததை விழுங்கிவிட்டுத் திரும்பினாள். “அவனையா? சாந்தா குரூஸ் போய்த் தேடுங்க.”

“இல்லீங்க, இந்த ஊர்தான். துனாரி மலையில பனி விழுந்த அன்னிக்கு வீட்டுல கரண்ட் போச்சுன்னு ஒருதடவ எழுதியிருந்தார். சாந்தா குரூஸ்ல நின்னுகிட்டு துனாரியப் பாக்க முடியுமா?”

“அட, போலீஸ் வேலைக்குப் போயிருக்கலாம் நீங்க.”

“கெமிஸ்ட்ரி டீச்சர். அதுக்கும் இதுக்கும் பெரிய வித்தியாசம் இல்ல.”

யாரோ கூப்பிட, யானெத் எழுந்து போனாள். லிம்பெர்ட் தன் அடையாள அட்டையைக் குனிந்து பார்த்துக்கொண்டான். லிம்பெர்ட் என்று மட்டும்தான் எழுதியிருந்தது.

“எதுக்குத் தேடுறீங்க?”

“என் பேரு நியேவெஸ் சோக்கே. கிர்கிஞ்சோன்னு ஒரு கருவி. கேள்விப்பட்டிருக்கீங்களா?”

அவன் கேள்விப்பட்டிருந்தான்.

கிர்கிஞ்சோ, ஒரூரோ மேட்டுநிலத்தில் ஓட்டுக்குள் சுருண்டுகொள்ளும் குட்டி விலங்கு. அதன் பெயரில் யாரோ ஒருவர் ஒரு சின்னக் கருவி செய்து வைத்திருந்தார். வெறும் எழுத்துக் கோப்புகளை ஓர் உறையில் போட்டுக் கொடுத்தால், அவற்றை இணையதளமாக மாற்றித் தரும். இரண்டு வருடங்களுக்கு முன்னால் கோரைப்பல் அதைப் பற்றி ஒரு பதிவு எழுதினான். அவன் எழுதியதிலேயே அதிகம் பேர் படித்தது அதுதான். ‘தெருவில் செத்துக் கிடக்கும் நாய், யாராவது புதைத்துவிடுங்கள்’ என்று தொடங்கும். தேதியைக் கணக்கிடும் ஏழு வரிகளை அப்படியே எடுத்துப் போட்டு, பள்ளிக்கூடப் பிள்ளை எழுதியது மாதிரி இருக்கிறது என்று சிரித்திருந்தான். இதன் நிரலைப் பிரதியெடுத்துத் தனிக் கிளையாக நானே நடத்திக் காட்டுகிறேன் என்று முடித்திருந்தான்.

கருவியைச் செய்தவர் சண்டைக்கு வரவில்லை. அதுதான் அவன் எதிர்பாராதது. ‘எனக்கும் நேரம் குறைவு. நீங்கள் நடத்துவதாக இருந்தால் மகிழ்ச்சி’ என்று எழுதி, எல்லோரும் கருவிகளை இறக்கிக்கொள்ளும் இணையப் பொதுக் கிடங்கில் பதிவாகியிருந்த கருவியின் பெயரையே அவன் கணக்குக்கு மாற்றிக் கொடுத்துவிட்டார். அவன் புதிய சின்னம் வரைந்தான். நிரலைவிட நீளமான விளக்கக் குறிப்பு எழுதினான். அந்த ஏழு வரிகளைத் தூக்கிவிட்டு ஒரே வரி போட்டான். அதைப் பற்றியும் ஒரு பதிவு எழுதினான். பிறகு வேறொரு கருவி மேல் கோபம் வந்தது.

“அதச் செஞ்சது நான்தான்,” என்றாள் நியேவெஸ்.

கணினியைத் திறந்து அவன் பக்கம் திருப்பினாள். நகரின் தெற்குப் பகுதி மேட்டில் இருக்கும் ஒரு குடியிருப்பின் தண்ணீர்க் கமிட்டிப் பக்கம். எந்தச் சந்துக்கு என்றைக்குத் தண்ணீர் திறக்கும் என்பது நாள்வாரியாக இருந்தது.

“நான் இருக்கிற ஏரியாக் கமிட்டிக்காகச் செஞ்சேன். அப்புறம் சுத்துவட்டாரக் கமிட்டி எல்லாம் எடுத்துக்கிட்டாங்க. இது அதுல ஒண்ணு, பாருங்க. மூணாவது சந்துக்குச் செவ்வாய்க்கிழமை தண்ணி. கோப்புல அப்படித்தான் எழுதியிருக்கு. பக்கத்துல என்ன காட்டுது?”

பக்கம் திங்கள் என்று காட்டியது.

லிம்பெர்ட்டுக்கு உடனே புரிந்துவிட்டது. அவனுடைய ஒற்றை வரி, வெறும் தேதியைக் கொடுத்தால் அதை லண்டன் நள்ளிரவு என்று எடுத்துக்கொள்ளும். லண்டனில் நள்ளிரவு ஆகும்போது கொச்சபம்பாவில் முந்தின நாள் இரவுச் சாப்பாடுகூட முடிந்திருக்காது. அதனால் ஒவ்வொரு தேதியும் ஒரு நாள் முன்னதாகப் போய் நிற்கும். இந்தச் சறுக்கலைத் தவிர்க்கத்தான் அந்த ஏழு வரிகள். பள்ளிக்கூடப் பிள்ளை எழுதியது என்று அவன் சொன்ன வரிகள்.

“உங்க பக்கத்துல நீங்களே சரி பண்ணிக்கலாமே,” என்றான். குரல் அவனுக்கே அந்நியமாக இருந்தது.

“என்னோடத எப்பவோ பண்ணிட்டேன். மத்தவங்க கிர்கிஞ்சோங்கிற பேரப் போட்டுத்தான் இறக்குறாங்க. அந்தப் பேரு அவர்கிட்ட இருக்கு. திருத்தம் எழுதி அனுப்பிட்டேன். அவர் ஒரு பொத்தான அழுத்தினாப் போதும், எல்லாக் கமிட்டிக்கும் போயிடும். ஒரு வருஷமாக் காத்துக்கிட்டு கெடக்கு.”

“வேற பேருல புதுசா விடலாமே?”

“விட்டேனே. ஒவ்வொரு கமிட்டியிலயும் யாரோ ஒரு அக்கா பொண்ணு, யாரோ ஒரு மருமகன் வந்து மாட்டிக் கொடுத்துட்டுப் போனது. பேர மாத்துங்கன்னு யார்கிட்டப் போய்ச் சொல்ல? நேருல போன எடத்துல மாத்திட்டேன். போன மாசம் மலைக்கு அந்தப் பக்கம் ஒரு கமிட்டியில வால்வு தொறக்கிறவரு காசு வாங்கிட்டு வேற சந்துக்குத் தொறந்துட்டாருன்னு கூட்டத்துல சட்டையப் பிடிச்சுட்டாங்க. ஜனங்க பீப்பாய வெளிய உருட்டி வச்சுக்கிட்டு நாள் பூரா ஒக்காந்திருந்திருக்காங்க. மறுநாள் தண்ணி வந்தப்போ எல்லாரும் வேலைக்குப் போயிட்டாங்க. அந்த மனுஷன் வால்வ சரியான நாள்லதான் தொறந்திருக்காரு.”

பிறகு அவனுக்கு எழுதிய செய்திகளைக் காட்டினாள். முதல் செய்தி மரியாதையாக இருந்தது. அடுத்தது இன்னும் மரியாதையாக இருந்தது. கடைசிச் செய்தியில் கருவியைப் பற்றி எதுவுமே இல்லை. ‘உடம்பு நன்றாக இருக்கிறதா?’ என்று மட்டும் இருந்தது.

“மத்தவங்க எல்லாம் திட்டுறாங்க. எனக்கு அப்படித் தோணல,” என்றாள். “அந்தப் பதிவு கொஞ்சம் வலிச்சது, இல்லேன்னு சொல்லல. ஆனா அவ்ளோ ஆசையா எடுத்துக்கிட்ட மனுஷன் சும்மா விட்டிருக்க மாட்டாரு. ஏதோ ஆயிருக்கு. ஆஸ்பத்திரியில இருக்காரோ என்னவோ. யாராவது வீட்டுக்காரங்க இருந்தா அவங்ககிட்டயாவது கேக்கலாம்னுதான் வந்தேன்.”

லிம்பெர்ட்டின் காதுமடல் சுட்டது. அவளுடைய அஞ்சல்கள் வந்த காலத்தில் அவன் ஆரோக்கியமாகத்தான் இருந்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் பந்து விளையாடினான். யாரோ பெயர் தெரியாதவருக்கு நிரல் எழுதத் தெரியவில்லை என்று நீளமாக எழுதினான்.

நான்தான் என்று சொல்ல வேண்டும். சொற்கள் வாய்வரை வந்தன. யானெத் இரண்டு மேசை தள்ளி நின்று யாரையோ கேலி செய்துகொண்டிருந்தாள். இன்னொரு வழி அவனுக்குத் தோன்றியது. சொல்லாமலே சரி செய்துவிடலாம். இவளுக்கு வேண்டியது திருத்தம்தானே, ஆள் எதற்கு?

“ஒரு நிமிஷம்,” என்று சொல்லிவிட்டு, கைப்பேசியை மேசைக்கு அடியில் பிடித்துக்கொண்டு தன் கணக்கைத் திறந்தான். அவளுடைய திருத்தம் அங்கே இருந்தது. அவன் எறிந்த அதே ஏழு வரிகள். பொத்தானை அழுத்தினான். வெளியீட்டையும் அழுத்தினான். மனது லேசானது. பல் பிடுங்கி முடித்தவன் நாக்கால் துழாவுகிற மாதிரி அந்த லேசை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

நியேவெஸின் கணினியில் ஒரு சிறு ஒலி எழுந்தது. அவள் திரையைத் தன் பக்கம் திருப்பிப் படித்தாள். மறுபடியும் படித்தாள்.

“ஏத்துக்கிட்டாரு,” என்றாள்.

“பாத்தீங்களா. நல்ல செய்திதானே.”

அவள் முகத்தில் சந்தோஷம் வந்தது. ஆனால் நிற்கவில்லை. அவள் எதையோ கூட்டிக் கழித்துப் பார்ப்பது தெரிந்தது.

“அப்போ நல்லாத்தான் இருக்காரு,” என்றாள் மெதுவாக. “ஆஸ்பத்திரியும் இல்ல, ஒண்ணும் இல்ல. எல்லாத்தையும் பாத்துட்டுத்தான் பேசாம இருந்திருக்காரு. பாத்த பிறகும் ஒரு வார்த்தை எழுதல. பாருங்க, வெறும் பொத்தான். பிச்சக்காரிக்குச் சில்லறை போடுற மாதிரி.” கணினியை மூடினாள். “இவ்ளோ நாள் அந்த ஆளுக்காகப் பரிஞ்சு பேசினேன் பாருங்க, என்னச் சொல்லணும்.”

அவன் கொடுத்ததாக நினைத்தது திருத்தத்தை. ஆனால் அவளிடமிருந்து ஒன்றை எடுத்துக்கொண்டுவிட்டான். அவனைப் பற்றி நல்லபடியாக நினைக்க அவள் தேடிப் பிடித்து வைத்திருந்த ஒரே காரணத்தை. எழுந்துகொள்ளப் போனவளிடம் கைப்பேசியை மேசைமேல் வைத்துத் தள்ளினான். திரையில் கோரைப்பல்லின் கணக்கு திறந்திருந்தது.

அவள் அதைப் பார்த்தாள். அவன் அட்டையைப் பார்த்தாள். மறுபடி உட்கார்ந்தாள்.

“நீங்களா.”

“நான்தான்.”

“இவ்ளோ நேரம் எதிர்ல ஒக்காந்து கேட்டுக்கிட்டு இருந்தீங்க.”

“ஆமா.”

“ஏன் எழுதல?”

பொய் எதுவும் அகப்படவில்லை. “மொதல்ல நேரம் இல்லன்னு விட்டேன். அப்புறம் லேட்டாயிடுச்சேன்னு வெக்கம். அதுக்கப்புறம், இதுக்குப் போய் வெக்கப்பட்டு ஒளிஞ்சிருக்கோமேன்னு அது ஒரு வெக்கம். மெயில் வர்றதையே நிறுத்திட்டேன். உங்க கடைசிச் செய்தியை இப்பத்தான் பாக்குறேன்.”

“உடம்பு நல்லா இருக்கான்னு கேட்டதா?”

அவன் தலையாட்டினான். அவள் கோட்டுப் பொத்தானைக் கழற்றி மறுபடியும் போட்டாள்.

“அந்த ஏழு வரி அசிங்கமாத்தான் இருக்கும். எனக்கே தெரியும்,” என்றாள். “அசிங்கமா இருக்கே, ஏன்னு ஒருத்தர் என்னக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். நீங்க ஊரக் கூட்டிச் சிரிச்சீங்களே தவிர, என்னக் கேக்கல.”

“இனிமே ஒழுங்காப் பாத்துக்கறேன். எல்லாக் கமிட்டிக்கும் நானே நேருல போய்—”

“வேண்டாம்ங்க. பேரத் திருப்பிக் கொடுங்க.”

அதில் கோபம் இல்லை. வகுப்பில் விளையாட்டுச் சாமானைப் பிடுங்கி வைக்கும் ஆசிரியையின் குரல். அவன் கைப்பேசியை எடுத்து அவளுடைய கணக்கின் பெயரைத் தட்டினான். அவசரத்தில் ஓர் எழுத்து தவறியது. அவள் குனிந்து பார்த்து, “சோக்கே, கடைசி எழுத்து விட்டுப்போச்சு,” என்று திருத்தினாள். அவன் கடவுச்சொல்லைப் போட்டபோது அவள் மரியாதையாக முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அந்த மரியாதையில் அவன் இன்னும் கூசினான்.

அவள் கணினியில் மறுபடியும் அந்தச் சிறு ஒலி. கிர்கிஞ்சோ அவளிடம் திரும்பிவிட்டது.

நியேவெஸ் எழுந்து நேராக மணி தொங்கிய இடத்துக்குப் போனாள். கயிற்றைப் பிடித்து ஆட்டினாள். மற்றவர்களைவிடக் கொஞ்சம் அதிகமாகவே ஆட்டினாள். கூடம் கைதட்டியது. லிம்பெர்ட்டும் கைதட்டினான். தட்டும் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“என்ன தொடச்சீங்க டீச்சர்?” என்று கேட்டாள் யானெத். “உங்களோடதுலதான் ஏற்கெனவே நல்லது இருக்குன்னீங்களே.”

“ஒரு பழைய அழுக்கு.”

“கோரைப்பல் கெடச்சானா?”

நியேவெஸ் கணினியைப் பையில் வைத்து மூடினாள். லிம்பெர்ட்டை ஒருமுறை பார்த்தாள். “அத இவர்கிட்டக் கேளுங்க,” என்று சொல்லிவிட்டு, கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வெயிலுக்குள் இறங்கிப் போனாள்.

யானெத் ஒரு சால்தேன்யாவை அவன் முன்னால் வைத்தாள். “என்னடா பல்லு, ஆளக் கண்டுபிடிச்சீங்களா? எந்தத் தெருவாம் சாந்தா குரூஸ்ல?”

அது ஆறிக்கொண்டிருந்தது. அவன் தொடவில்லை.

“அவன் சாந்தா குரூஸ்காரன் இல்ல, யானெத்,” என்றான்.

அவள் சிரித்துக்கொண்டேதான் அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு சிரிப்பதை நிறுத்தினாள்.