நாலாம் நம்பர் லைன்

மும்பை செம்பூரில் வேங்கடசுப்ரமணியன் வீட்டில் எல்லோரும் மடியில் தட்டை வைத்துக்கொண்டு சாப்பிட ஆரம்பித்து ஒரு மழைக்காலம் ஓடிவிட்டது. சாப்பாட்டு மேஜை முழுக்க அவருடைய பொம்மை ரயிலின் யார்டு. அணுசக்தி நகரில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். சும்மா வட்டமாகச் சுற்றும் ரயிலில் அவருக்குத் திருப்தியில்லை. மேஜையின் ஒரு முனையில் சிறு மேடு கட்டினார். இன்ஜின் வேகன்களை அதன்மேல் தள்ளும். உச்சியில் கொக்கியைக் கழற்றினால் வேகன் தானே சரிவில் உருளும். சுவிட்சைத் தட்டினால் 'பாயின்ட்' என்கிற இடத்தில் தண்டவாளம் விலகி, ஆறு லைன்களில் எதற்கு அனுப்புகிறாரோ அதில் போய் நிற்கும்.

நிற்க வைப்பதுதான் பெரும்பாடு. காலி வேகன் பாதியிலேயே முரண்டு பிடிக்கும். பாரம் ஏற்றியது மேஜையைத் தாண்டி மனைவி ராஜலக்ஷ்மியின் தட்டில் விழும். கடைசியில் பல் தேய்க்கும் பிரஷ்ஷின் நார்களை வெட்டித் தண்டவாளத்துக்கு நடுவே நட்டு பிரேக் ஆக்கினார். மகள் சுஷ்மா தன் பிரஷ்ஷை ஒளித்துவைக்கப் பழகினாள். ஆனால் அதன்பின் ஒரு வேகன்கூட லைன் மாறிப் போகவில்லை.

சுஷ்மா கல்யாணம் செய்துகொள்ள விரும்பிய அஷ்வத், ஒரு ஞாயிற்றுக்கிழமை மாட்டுங்காவிலிருந்து அப்பா அம்மாவை அழைத்துவருவதாக ஏற்பாடு. மேஜையைக் காலி செய்யச் சொன்னாள் ராஜலக்ஷ்மி. எல்லாம் திருகாணி போட்டு இறுக்கியாயிற்று, முடியாது என்றார் இவர்.

"அப்போ உங்க ரயிலே பரிமாறட்டும்," என்றாள் அவள் எரிச்சலாக.

அவர் அதை உத்தரவாகவே எடுத்துக்கொண்டார். ஒவ்வொரு லைன் முடிவிலும் ஒரு நாற்காலி போட்டார்.

அஷ்வத்தின் அப்பா கிருஷ்ணமூர்த்தி ரயில்வே குட்ஸ் ஆபீஸில் இருந்தவர். சர்க்கரை வியாதிக்காரர். நாலாம் லைனில் உட்கார்ந்த அவருக்கு வேர்க்கடலை, மற்றவர்களுக்கு மைசூர்பாகு என்று பிரித்து ஏற்றியிருந்தது. முதல் மைசூர்பாகு அஷ்வத்தின் அம்மாவுக்காக மூன்றாம் லைனுக்குக் கிளம்பியது. பாதியில் திரும்பி நாலாம் லைனில் போய் நின்றது. நின்றதுதான் தாமதம், கிருஷ்ணமூர்த்தி வாயில் போட்டுக்கொண்டார்.

அவர் மனைவி முறைத்தாள். கிருஷ்ணமூர்த்தி நிதானமாக மென்று முடித்தார்.

"சரக்கு வந்து டெலிவரியும் எடுத்தாச்சு. திருப்பி அனுப்ப ரூல் இல்லே."

அடுத்த மைசூர்பாகும் அங்கேயே போயிற்று. வேங்கடசுப்ரமணியனுக்கு வேர்த்துவிட்டது. மூன்றாவதை விடும்போது ஒயரைப் பார்த்தார், பிரேக்கைப் பார்த்தார், பிறகு சுவிட்ச் பலகையைப் பார்த்தார். அதன் ஓரத்தில், நாலாம் நம்பர் சுவிட்சின் மேல், கிருஷ்ணமூர்த்தியின் இடது சுண்டுவிரல். விருந்தாளியோ மின்விசிறியை ரசித்துக்கொண்டிருந்தார்.

"என்ன மாமா, உங்க யார்டு இப்படித் தப்புத் தப்பா அனுப்பறதே?" என்று கேட்டாள் அஷ்வத்தின் அம்மா.

அத்தனை மாத உழைப்பு அவர் தொண்டைவரை வந்தது. சுஷ்மாவின் முகத்தைப் பார்த்து விழுங்கிக்கொண்டார்.

"நாலாம் நம்பர் பாயின்ட் கொஞ்சம் லூஸ், மாமி."

கல்யாணம் நிச்சயமாயிற்று. கிளம்பும்போது, அடுத்த தடவை வருவதற்குள் அந்தக் கோளாறைச் சரிசெய்துவிட வேண்டும் என்று மாமி கண்டிப்பாகச் சொன்னாள். அவள் லிஃப்டுக்குள் போனதும் கிருஷ்ணமூர்த்தி சம்பந்தியின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"அவசரமே இல்லே," என்றார் மெதுவாக.