கழுத்தளவு தண்ணீரில் ஒரு ரகசிய எண்

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குக் கூட்டம். புதன்கிழமை மதியம் ஆகியும் இரும்பு அலமாரியின் சாவியைக் காணோம். வீப்கெ லூர்ஸ் மேசை இழுப்பறைகளை மூன்றாம் முறையாகக் கவிழ்த்துப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்து உட்கார்ந்தாள்.

ஹாம்பர்க்கின் மேற்கு ஓரத்தில், தரைக்கடியில் பாயும் எலெக்ட்ரான் கற்றையை லேசர் ஒளியோடு மோத விடுவது அவளுடைய குழுவின் வேலை. ஒளியின் மின்புலம் போதிய அளவு மூர்க்கமாக இருந்தால் அந்த மோதலில் புதிதாக ஓர் எலெக்ட்ரானும், அதன் எதிர்த்துகளான பாசிட்ரானும் ஜோடியாகப் பிறக்கும். எத்தனை பிறக்கும் என்று சொல்ல ஒரு சூத்திரம் இருக்கிறது. அது சரிதானா என்று எண்ணிப் பார்த்துச் சொல்ல வேண்டும். காரணம், வருங்காலத்தில் கட்டப்போகும் பிரம்மாண்டமான துகள் மோதல் கருவியில் கற்றைகளை அவ்வளவு மெல்லியதாக நெருக்கப் போகிறார்கள். அப்போது ஒரு கற்றையின் புலமே இன்னொன்றுக்கு இந்த லேசர் மாதிரி ஆகிவிடும். சூத்திரம் தப்பு என்றால் கருவியின் வரைபடமும் தப்பு. அந்தக் கருவியைத் திட்டமிடுகிறவர்கள்தான் வெள்ளிக்கிழமை வருகிறார்கள்.

வீப்கெயின் ஒப்பந்தம் ஜூலையோடு முடிகிறது. சூத்திரம் சரி என்று பதில் வந்தால் அவர்கள் அவளுடைய ஒப்பந்தத்தை நீட்டாமல் விடமாட்டார்கள் என்று குழுத் தலைவி அல்முட் ஓல்ட்மன்ஸ் ஜாடையாகச் சொல்லியிருந்தார். முப்பத்தாறு வயதுக்குள் ஐந்து ஊர் மாறியாகிவிட்டது. ஆறாவது ஊருக்குப் பெட்டி கட்ட அவளுக்குத் தெம்பில்லை.

அலமாரிக்குள் இருந்தது ஒரே ஓர் உறை. விடை இப்படித்தான் வர வேண்டும் என்ற ஆசை வந்துவிட்டால், எண்ணுகிறவரின் கை தன்னையறியாமல் அந்தப் பக்கம் சாய்ந்துவிடும் என்பது இவர்களுடைய பயம். அதனால் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். ஒருவர் மட்டும் ரகசியமாக ஓர் எண்ணைத் தேர்ந்தெடுத்து, கணினியில் எல்லா எண்ணிக்கையையும் அதன்படி கூட்டியோ குறைத்தோ வைத்துவிடுவார். எண்ணை உறையில் போட்டு ஒட்டிவிடுவார். வேலையெல்லாம் முடிந்து, எது வந்தாலும் ஏற்போம் என்று எல்லோரும் கையெழுத்துப் போட்ட பிறகு உறையைப் பிரித்து, மாற்றியதைச் சரி செய்து, உண்மையான விடையைப் பார்ப்பார்கள். தங்கள் மேலேயே இவ்வளவு சந்தேகம் உள்ள மனிதர்களை வேறு எங்கும் பார்க்க முடியாது.

ரகசியத்தின் பொறுப்பாளர் ஹின்னெர்க் ப்ரோடர்சன். ஐம்பத்தெட்டு வயது, பேச்சு குறைவு, அதனாலேயே அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். இரண்டு வருடமாக, சூத்திரப்படி நூறு பாசிட்ரான் வர வேண்டிய இடத்தில் எழுபத்துநாலுதான் வந்துகொண்டிருந்தது. யாரும் பதறவில்லை, குறைவதெல்லாம் ரகசிய எண்ணின் வேலை என்றே நினைத்தார்கள். ஹின்னெர்க்குக் கொஞ்சம் கஞ்சக் கை என்று சிரித்துவிட்டுக் காபி குடிக்கப் போனார்கள். வீப்கெயும்தான் சிரித்தாள்.

அந்த ஹின்னெர்க் திங்கட்கிழமை விடுமுறையில் போய்விட்டார், சாவியோடு. அவருக்கு மின்னஞ்சல் எழுதினால் தானாக ஒரு பதில் வந்தது: நான் விடுமுறையில் இருக்கிறேன், உங்கள் கடிதம் அழிக்கப்பட்டுவிட்டது, நான் திரும்பிய பிறகும் அவசியம் என்று தோன்றினால் மறுபடி எழுதவும். அலமாரியை உடைக்கலாமா என்று கேட்டதற்குப் பாதுகாப்பு அதிகாரி மூன்று பக்கப் படிவம் ஒன்றை நீட்டினார். பதில் வர பத்து வேலைநாள் ஆகுமாம். வியாழக்கிழமை விடியற்காலை வீப்கெ ரயிலேறி, பிறகு படகேறி, ஹின்னெர்க் வருடாவருடம் விடுமுறைக்குப் போகும் அம்ரும் தீவில் போய் இறங்கினாள். விடுமுறையில் இருக்கும் ஒருவரைத் தேடிப் போவது அந்த ஊரில் திருடப் போவதற்குச் சமம். அவளுக்கும் அப்படித்தான் கூச்சமாக இருந்தது.

கடற்கரையில் கூரை வைத்த பிரம்பு இருக்கைகள் வரிசையாக நின்றன. முப்பத்தெட்டாவதில் ஹின்னெர்க் இருந்தார். அவளைக் கண்டதும் செய்தித்தாளை முகத்துக்கு உயர்த்தினார். பக்கத்தில் மீன் ரொட்டி தின்றுகொண்டிருந்த அவர் மனைவி கேஷே அதைப் பிடுங்கி மடியில் வைத்தாள்.

வீப்கெ வாய் திறப்பதற்குள் கேஷே கையை உயர்த்தினாள். ஒரு வருடம் விடுமுறை முழுக்க இந்த மனிதர் தொலைபேசியில் லேசருக்கு வைத்தியம் பார்த்தாராம். அன்றிலிருந்து அவர்கள் வீட்டில் ஒரு சட்டம்.

"கரையில வேலைப் பேச்சு கிடையாது. பேசியே ஆகணும்னா ரெண்டு பேரும் தண்ணிக்குள்ள போங்க. எவ்வளவு நேரம் தாங்குதோ அவ்வளவு நேரம் பேசுங்க."

சாவியை மட்டும் தந்தால் போதும், அது பேச்சே இல்லை என்று வீப்கெ வாதாடிப் பார்த்தாள். சாவி வேலையா இல்லையா என்று கேஷே கேட்டாள். கேஷே தன்னுடைய நீச்சலுடையைக் கொடுத்தாள். அதற்குள் இரண்டு வீப்கெ தாராளமாக நுழையலாம்.

ஜூன் மாதம்தான் என்றாலும் வட கடலுக்கு அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை. கழுத்தளவு தண்ணீரில் நின்றபோது அவள் பற்கள் தந்தி அடித்தன.

"சாவியக் குடுங்க, ஹின்னெர்க். நான் போயிடறேன்."

"குடுக்கறேன். ஆனா அந்த உறையால பிரயோஜனம் இல்ல." அவர் அடிவானத்தைப் பார்த்தபடி சொன்னார். "உள்ள எழுபத்துமூணுன்னு எழுதியிருக்கு. எல்லாத்தையும் நூத்துக்கு எழுபத்துமூணாக் குறைக்கச் சொல்லி கணினியில ஒரு வரி எழுதினேன். சோதனைக்காக அந்த வரிய நிறுத்தி வெச்சேன். திரும்ப ஓட விட மறந்துட்டேன். போன மாசம்தான் பார்த்தேன்."

வீப்கெக்குக் குளிர் மறந்துபோனது. "அப்போ எழுபத்துநாலு?"

"நெசமாவே எழுபத்துநாலு."

இரண்டு வருடமாக நாற்பது பேர், பாதிக்குமேல் முனைவர்கள், கண்ணெதிரே காணாமல் போன கால்வாசியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு காபி குடித்திருக்கிறார்கள். அவளுக்கு அவரைத் தண்ணீரில் முக்க வேண்டும் போல இருந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் அது முடியவில்லை. வெட்கத்தில் சாவியைத் தூக்கிக்கொண்டு தீவுக்கு ஓடிவந்த மனிதரை இனி என்ன செய்வது?

"நாளைக்கு அல்முட் உறையப் பிரிச்சு, எழுபத்துமூணால சரி பண்ணினா நூத்தியொண்ணு வரும். அழகா இருக்கும். எல்லாரும் சந்தோஷப்படுவாங்க," என்றார் ஹின்னெர்க். "உன் வேலை இதுல தொங்குதுன்னு எனக்குத் தெரியும். நீ சொல்லலேன்னா நானும் சொல்ல மாட்டேன். சொன்னா, இத செஞ்சது நான்தான்னு சேர்த்தே சொல்லு."

திரும்பும் படகில் அவள் சாவியைக் கைக்குள் வைத்துக்கொண்டு நடுங்கினாள். குளிரில் பாதி, மீதி ஆசையில். நூற்றியொன்று எவ்வளவு அழகான எண். அவள் யாரையும் ஏமாற்ற வேண்டியதில்லை, வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தாலே போதும்.

வெள்ளிக்கிழமை கூட்டம் நிரம்பி வழிந்தது. திட்டக் குழுவிலிருந்து ஓர்னெல்லா பிஸியோ என்ற அம்மையார் ஜெனீவாவிலிருந்து வந்து முதல் வரிசையில் அமர்ந்திருந்தார். அல்முட் உறையைப் பிரித்தார். பலகையில் எழுபத்துமூன்று என்று எழுதினார், வகுத்தார், நூற்றியொன்று என்று கீழே இரண்டு கோடு போட்டார். நாற்பது பேரும் மேசையை விரல் முட்டியால் தட்டினார்கள். அங்கே கைதட்டுவதில்லை, மேசையைத்தான் தட்டுவார்கள். அல்முட் வீப்கெயைப் பார்த்துப் பெருமையோடு தலையாட்டினார்.

வீப்கெ எழுந்தாள். கால் தானாக எழுந்துவிட்டது, மனசு இன்னும் உட்கார்ந்துதான் இருந்தது.

"தட்டறத நிறுத்துங்க. அந்த வரி ஓடவே இல்ல. ஹின்னெர்க் மறந்துட்டாரு, அவரே எங்கிட்ட சொன்னாரு. ஆனா எழுபத்துநாலப் பார்த்து ரெண்டு வருஷமா சிரிச்சது நாமதான்."

யாரோ மடிக்கணினியைத் திறந்து தேடினார்கள். வரி அங்கே தூங்கிக்கொண்டிருந்தது. அல்முட் நூற்றியொன்றை அழிக்க டஸ்டரை எடுத்து, அழிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஜூலை, பெட்டி, ஆறாவது ஊர் என்று வீப்கெ மனதுக்குள் எண்ணத் தொடங்கினாள்.

ஓர்னெல்லா அதுவரை கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார். இப்போது ஒவ்வொன்றாகக் கழற்றினார்.

"நூத்தியொண்ணுன்னதும் நன்றி சொல்லிட்டு மத்தியான ரயிலுக்குக் கிளம்பலாம்னு இருந்தேன். சரின்னு தெரிஞ்சுபோன சூத்திரத்துக்கு ஆள் எதுக்கு?" என்றார். "இப்போ இந்தக் கால்வாசி எங்க போச்சு? உங்க கருவி முழுங்கிடுச்சா, இல்ல இயற்கையே தரலையா? அது தெரியாம நாங்க ஒரு கோடுகூட வரைய முடியாது. இத யாரு கண்டுபிடிக்கப் போறீங்க?"

நாற்பது தலைகளும் ஒரே பக்கம் திரும்பின. இரண்டு வருடமாக எந்த விடைக்காக ஏங்கினாளோ, அந்த விடை வந்திருந்தால் இன்றோடு தன் கதை முடிந்திருக்கும் என்பது வீப்கெக்கு அப்போதுதான் உறைத்தது. சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்தே வந்தன.

எவ்வளவு காலம் ஆகும் என்று ஓர்னெல்லா கேட்டார்.

"ரெண்டு வருஷம்," என்றாள் வீப்கெ. யாரும் முகம் சுளிக்கவில்லை. அல்முட்கூட ஆமாம் என்று தலையாட்டினார்.

"மூணு," என்றாள்.