விமல் உடைத்த கதவுகள்

ஒரு வாரம் முழுக்க மண்டையைக் குடைந்து ஒரு புதிர்க்கதவு கட்டிக்கொண்டு போவேன். வெண்கலச் சக்கரங்கள், அவற்றில் மிருக முகங்கள், எந்த முகத்தை எந்தப் பக்கம் திருப்பினால் கதவு திறக்கும் என்பதற்குச் சுவர் ஓவியத்தில் குறிப்பு. நான் விவரித்து முடிப்பதற்குள் விமல் வாயைத் திறப்பான்.

"அக்கா, கோடாலில ஒரே போடு போடறனுங்க. கதவு உடைஞ்சுதுங்களா?"

உடைந்துதான் தொலையும். பகடைக்கும் அவன் மேல்தான் பாசம்.

நாங்கள் ஆடுவது மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடும் ஒரு கதை விளையாட்டு. ஒருத்தர் கற்பனையில் நிலவறை ஒன்றைக் கட்டுவார். அறைகள், பொறிகள், புதிர்கள், உள்ளே தூங்கும் பூதம், எல்லாம் அவர் பொறுப்பு. மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக அதற்குள் நுழைந்து என்ன செய்கிறோம் என்று வாயால் சொல்லவேண்டும். நடக்குமா நடக்காதா என்பதை இருபது முகப் பகடை முடிவு செய்யும். கோத்தகிரி பஜாரில் இருக்கிற என் ஜெராக்ஸ் கடையில், ஞாயிறு மதியம் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு ஆடுவோம். கட்டுகிறவரின் நாற்காலி என்னுடையது.

அந்த நாற்காலியில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்கலாம். வாரம் பூராவும் ஊர்க்காரர்கள் நீட்டும் ஆதாரையும் சாதிச் சான்றிதழையும் இருக்கிறபடியே நகலெடுத்து நீட்டுகிறவள் நான். ஒரு புள்ளி கூடக்கூடாது, குறையக்கூடாது. உலகத்தில் இல்லாத ஒன்றை நானாக உண்டாக்குவது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். அதை யாராவது பிடுங்க வந்தால் சும்மா விடுவேனா?

வந்தான், விமல்தான். தேயிலை ஃபேக்டரியில் எலக்ட்ரீஷியன். மூன்று வருஷமாக இரும்பன் என்ற கோடாலி வீரனாக ஆடுகிறவன்.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க," என்றான் ஒரு ஞாயிறு. "உங்க கதவெல்லாம் நல்லாத்தான் இருக்குது. ஆனா அதத் திறக்கோணும்னு எனக்குத் தோணவே மாட்டேங்குதுங்க. அடுத்த வாரமும் நான் உடைச்சுட்டுப் போயிட்டு முழுசா வெளிய வந்துட்டன்னா, நாற்காலிய எனக்குக் குடுத்துருங்க. நானும் ஒண்ணு கட்டிப் பாக்கறேன்."

கணக்கு டீச்சர் ஹன்னா, என் சிநேகிதி, என் முகத்தைப் பார்த்தாள். அவள் தம்பி பெனிஸ் டீயில் முக்கிய வர்க்கி பிஸ்கட்டை வாயில் வைக்க மறந்து உட்கார்ந்திருந்தான். வர்க்கி ஊறி டீக்குள்ளேயே விழுந்தது.

"சரி," என்றேன். "குடுத்தர்றேன்." வீட்டுக்குப் போகிற பஸ்ஸிலேயே அடுத்த கதவை யோசிக்க ஆரம்பித்தேன்.

இரும்புக் கதவு வைத்தால் கீலைப் பிடுங்குவான். கீலை மறைத்தால் சுவரை இடிப்பான். உடைக்கிற கைக்கு விஷம் தெறிக்கட்டும் என்றும் ஒரு யோசனை வந்தது, ஆத்திரத்தில். அதை நானே தள்ளிவிட்டேன். எச்சரிக்கை இல்லாத பொறி, பொறியே இல்லை. அது வெறும் வஞ்சம். மாட்டிக்கொண்டவன் "அட, அப்பவே தெரிஞ்சிருக்கோணும்" என்று தன் நெற்றியில் தானே அடித்துக்கொள்ள வேண்டும். அதுதான் பொறி. அப்படி ஒன்று இந்தக் கையால் இதுவரை அமைந்ததில்லை என்பதும் எனக்குத் தெரியும், அதனால்தான் அவன் உடைக்கிறான்.

செவ்வாய்க்கிழமை விடிகாலை, கீழ் கோத்தகிரியில் எங்கள் வீட்டுச் சமையலறைக்குள் கரடி வந்தது.

முந்தின சாயங்காலம் அம்மா முறுக்குச் சுட்டிருந்தார். எண்ணெய்ச் சட்டியை மூடாமல் அடுப்பிலேயே விட்டுவிட்டார். பின்கதவுக்குப் புது லாக் போட்டு ஒரு மாதம்கூட ஆகவில்லை. கரடிக்கு லாக்காவது ஒண்ணாவது? நடுப்பலகையைப் பிய்த்துப் போட்டுவிட்டு உள்ளே வந்துவிட்டது. சத்தம் கேட்டு எழுந்துபோன அம்மா, கருப்பாக அது திரும்பிப் பார்த்ததும், பின்னாலேயே வந்த என்னை இழுத்துக்கொண்டு படுக்கையறைக்கு ஓடிவந்து கதவைச் சாத்தித் தாழ் போட்டார். அது எண்ணெயை நக்குகிற சத்தம் கேட்டது. டப்பா உருண்டது. பிறகு எங்கள் கதவுக்கு அந்தப் பக்கம் வந்து மூச்சுவிட்டது. ஒரு பிராண்டு பிராண்டியது. அம்மா தாழ்ப்பாளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு முருகா முருகா என்றார். எனக்கு அதுகூட வரவில்லை. தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டு ஆட்கள் தட்டைத் தட்டிக் கூச்சல் போட்ட பிறகுதான் போனது.

ஆசாரி அன்றைக்கு வரவில்லை. இருட்டுவதற்கு முன்னாலேயே நானும் அம்மாவும் பீரோவை நகர்த்தி அந்த ஓட்டையை அடைத்தோம். அதைத் தள்ளிக்கொண்டிருக்கும்போதே அம்மா அழ ஆரம்பித்தார்.

"அட என்னம்மா நீ! கதவுதானே, புதுசு போட்டுக்கலாம்."

"கதவு போனதுக்கா நான் அழுவறேன், அம்மிணி? மறுக்கா வந்துச்சுன்னா சாத்தறதுக்கு ஒண்ணுமில்லையே, அதுக்குத்தான்."

பீரோவில் சாய்ந்தபடியே நின்றுவிட்டேன். இத்தனை நாளாக உள்ளே போவதற்கான கதவுகளையே கட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். கதவு எதற்கு இருக்கிறது? சாத்துவதற்கு. "பாவி மகளே, நான் அழுவறேன், நீ சிரிக்கறயா?" என்று அம்மா முதுகில் ஒன்று வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை ஷட்டரை இறக்கிவிட்டு ஆரம்பித்தேன். மலையைக் குடைந்த நிலவறை. கடைசி அறையில் ஒரு வெள்ளி விளக்கு, அதை வெளியே கொண்டுவர வேண்டும். வழியில் மூன்று கதவுகள். ஒவ்வொன்றிலும் மூன்று வெண்கல முகங்கள்: மான், முயல், காட்டெருமை. பக்கத்துச் சுவரில் அதே மிருகங்கள் ஓடுகிற ஓவியம்.

"உடைக்கறேன்," என்றான் விமல்.

"உடைஞ்சுது. பலகை சுக்குநூறு. கதவுக்கு இந்தப் பக்கம், நீங்க நிக்கற பக்கம், கை தண்டி தாழ்ப்பாள் ஒண்ணு இருக்குது. உள்பக்கம் பூரா நகத்தால பிராண்டின தடம்."

ஹன்னா நிமிர்ந்தாள். "தாழ்ப்பாள் எதுக்கு வெளிப்பக்கம் இருக்குது?"

"எதுக்கு இருந்தா என்னங்க டீச்சர்? உடைச்சாச்சு. வாங்க."

"இல்ல விமல், சித்த நில்லு. உள்ள எதையோ வெச்சுப் பூட்டியிருக்காங்க."

"பூட்டியிருந்தா வெட்டிக்கலாமுங்க."

இரண்டாவது கதவையும் உடைத்தான். மூன்றாவதையும் உடைத்தான். ஒவ்வொரு முறையும் தாழ்ப்பாளையும் பிராண்டலையும் நான் மறுபடி சொன்னேன், குரலை ஏற்றாமல், இறக்காமல்.

விளக்கைப் பெனிஸ் எடுத்தான். அறையின் கோடியில் பாறை என்று நினைத்த ஒன்று மூச்சுவிட்டது.

அதை விவரிக்க எனக்குக் கற்பனையே தேவைப்படவில்லை. எண்ணெய் வாடை அடிக்கிற மூச்சு, அவசரமே இல்லாத நடை. விமல் கோடாலியால் வெட்டிப் பார்த்தான், தோலில்கூட இறங்கவில்லை. "ஓடுங்க!" என்று கத்தினான். மூன்று பேரும் ஓடினார்கள். ஹன்னாவின் மந்திரக்காரிக்கு வேகம் கிடையாது, பெனிஸின் கையில் விளக்கு. அது நெருங்கியது.

"மூணாவது கதவத் தாண்டிட்டமுங்களா? சாத்தித் தாழ் போடறேன்!"

"எந்தக் கதவ, விமல்?"

"ரெண்டாவது..." என்று ஆரம்பித்தவன் அவனாகவே நிறுத்திக்கொண்டான்.

"நாம செத்தோம்," என்றான் பெனிஸ்.

விமல் பகடையைக் கையில் எடுத்தான். "நான் நின்னுக்கறேன். வாசலுக்குக் குறுக்க, அந்தக் கதவு நிலையப் புடிச்சுட்டு. நீங்க ரெண்டு பேரும் போங்க."

"டேய், இரும்பன் போயிருவான்டா!" என்றாள் ஹன்னா.

"உடைச்சது நாந்தானுங்களே டீச்சர். கதவு இல்லீன்னா நாந்தான் நிக்கோணும்."

பன்னிரண்டுக்கு மேல் விழுந்தால் தாக்குப்பிடிப்பான் என்றேன். உருட்டினான், பதினாறு. ஹன்னா முதல் கதவைத் தாண்டினாள். மறுபடி உருட்டினான், பதின்மூன்று. பெனிஸும் விளக்கோடு தாண்டினான். மூன்றாவது உருட்டு அவனே தப்புவதற்கு; பகடை மேசையோரம் வரை உருண்டு போய் நின்றது. நான்கு.

ஹன்னா என் கையைப் பிடித்தாள். "ராஜி, இந்த ஒருக்கா விட்டுரேன். மூணு வருஷத்து ஆளு."

எனக்கும் விட்டுவிட ஆசைதான். இரும்பனை எனக்கும் பிடிக்கும், எத்தனை கதவுகள் உடைத்தவன்! ஆனால் அந்த நான்கை நான் பதினான்கு ஆக்கினால் அந்தத் தாழ்ப்பாள் பொய், பிராண்டல் பொய், அவன் வாசலில் நின்றதும் பொய். அப்புறம் இந்த நாற்காலியில் நான் உட்கார்ந்து என்ன, உட்காராமல் என்ன?

"விழுந்தது விழுந்ததுதான்," என்றேன். "இரும்பன் நிலைய விடல. விடாமயே செத்துப்போனான். மத்த ரெண்டு பேரும் வெளிய வந்துட்டாங்க."

விமல் அந்தப் பகடையையே பார்த்துக்கொண்டிருந்தான். கண் சிவந்திருந்தது. கோபமா, அழுகையா, கண்டுபிடிக்க முடியவில்லை. எழுந்து போய்விடுவான், இனி வரவே மாட்டான் என்று நினைத்தேன்.

"அப்ப நாற்காலி...?" என்று இழுத்தான் பெனிஸ்.

"அத யாருடா கேட்டா? கம்முனு இரு," என்று அவனை அடக்கிவிட்டு விமல் என் பக்கம் திரும்பினான். "ஏனுங்க அக்கா, அந்தக் கதவு... உடைக்காம அத எப்படித் திறக்கறதுங்க?"

மூன்று வருஷத்தில் அவன் வாயிலிருந்து இந்தக் கேள்வி வந்ததே இல்லை. என் குறிப்புகள் யார் கண்ணிலும் படாமல் நிறுத்தி வைத்திருந்த அட்டையை எடுத்துவிட்டு, நான் வரைந்த படத்தை அவன் பக்கம் திருப்பி வைத்தேன். ஓவியத்தில் மானும் முயலும் காட்டெருமையும் ஓடிக்கொண்டிருந்தன.

"மூணும் எந்தப் பக்கமா ஓடுது, பாரு."

பார்த்தான். "வெளிய."

"முகத்த எல்லாம் வெளிய பாக்கத் திருப்பினா போதும். தாழ்ப்பாள் தானா விலகித் திறந்துக்கும்."

"மானு, முயலு சரி. காட்டெருமையே ஓடுதுன்னா..." என்று விரலை அதன் மேல் வைத்தான். பிறகு கையை எடுத்துத் தன் நெற்றியில் பளாரென்று அடித்துக்கொண்டான்.

"அட," என்றான் விமல், "அப்பவே தெரிஞ்சிருக்கோணுமுங்க!"