யானைக்குத் துக்கம் கேட்க வந்தவள்

"என்னடி வாமே, சொந்தக்காரன் செத்துக் கெடக்கான். நீ அழாம வாளியத் தூக்கிட்டு வந்து நிக்கிற?"

தெபோகோ கோடரியை ஓங்கியபடியே கத்தினான். கத்தியும் பாத்திரமுமாக யானையைச் சுற்றி நின்ற ஊர் மொத்தமும் சிரித்தது. தெபோகோ பக்கத்து வீட்டுக்காரன், முதலைக் குலம். அவனுக்கு யானைக்கறி தின்னத் தடையில்லை. வாமேயைப் போல யானைக் குலத்தில் பிறந்தவர்கள்தான் தொடக்கூடாது. தின்றால் பல் கொட்டிப்போகும் என்பார்கள். வாமேயின் அம்மாவை வழியில் பார்த்தால் பேர் சொல்லிக்கூடக் கூப்பிடமாட்டார்கள், "யானையம்மா, சௌக்கியமா?" என்பதுதான் மரியாதை.

"அழுறதுக்கு லாட்ஜுல ஆள் இருக்கு. நீ தொடைப் பக்கமா வெட்டிப் போடு" என்றாள் வாமே.

சிரிப்பு சட்டென்று நின்றது. தெபோகோ ஒருதரம் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, ஒரு பெரிய துண்டை வாளியில் போட்டான்.

அறுப்புக்கு நின்ற சோளம். முந்தாநாள் விடியலில் இந்தக் கிழட்டு ஆண் யானை உள்ளே இறங்கியது. அம்மா தகரத்தைத் தட்டித் தட்டிக் கை வீங்கிப் போனாள். வேலியோரம் மிளகாய்த்தூள் கலந்த சாணி வரட்டியைக் கொளுத்தி வைத்திருந்தார்கள். காற்று எதிர்ப்பக்கம் அடித்தது, யானை புகை வராத பக்கமாகச் சுற்றி வந்து சாவகாசமாகத் தின்றது. தின்றது பாதி, மிதித்தது பாதி. அம்மா அழுதுகொண்டு வனவிலங்குத் துறை அலுவலகத்துக்குப் போனபோது யாரும் வரவில்லை. நேற்று அதே யானை பள்ளிக்கூடப் பாதையில் பிள்ளைகளைத் துரத்தியது, இன்று காலை துப்பாக்கியோடு வந்துவிட்டார்கள். கறி ஊருக்கு, தந்தம் அரசாங்கத்துக்கு, மிதிபட்ட தட்டை அம்மாவுக்கு.

காட்டோரத்துச் சுற்றுலா லாட்ஜில் அதற்கு இளவரசன் என்று பெயர். விருந்தாளிகள் அதைப் படம் பிடிக்கவென்றே கடல் கடந்து வருவார்கள். வாமே அங்கே வழிகாட்டி. வீட்டிலேயே முதல் பட்டதாரி; தலைநகரில் நான்கு வருடம் விலங்குகளின் நோய், மேய்ச்சல், இனப்பெருக்கம் என்று கண் எரிய எரியப் படித்தவள். அதையெல்லாம் இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. சாயங்காலம் நெருப்பைச் சுற்றி உட்கார்ந்ததும், "எங்க குலத்துக்கு யானைதான் மூத்த அண்ணன். பட்டினி கிடந்தாலும் அதைத் தின்னமாட்டோம்" என்று அவள் சொல்லவேண்டும். அவர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். "இந்தக் கதைக்குத்தான் உன்னை வச்சிருக்கேன்" என்று மேலாளர் மொலெஃபி வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார். வயல் போனபிறகு வீட்டில் சட்டி ஏறுவதற்கு இருப்பது அந்த வேலை ஒன்றுதான்.

அம்மா முற்றத்தில் உட்கார்ந்து, சேற்றில் நசுங்கிய கதிர்களிலிருந்து மணிகளை ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டிருந்தாள். வாளியைப் பார்த்ததும் முகம் இறுகியது.

"என் சட்டியில அது ஏறாது."

"ஏற வேண்டாம். நாம வருஷம் முழுக்கத் திங்கறத அது தின்னுட்டுப் போச்சு, அது நம்மள அண்ணன் தங்கச்சின்னு பாத்துச்சாம்மா?"

"பல்லு போயிடும்டி."

"இருந்து மட்டும் எதைக் கடிக்கப் போறேன்?"

பழைய பெயின்ட் டின்னைக் கழுவி, முற்றத்து மூலையில் மூன்று கல் கூட்டி, கறியை ஏற்றினாள். அம்மா அந்தப் பக்கம் முதுகைத் திருப்பிக்கொண்டு மணி பொறுக்கினாள்.

வெயில் சாய்ந்த நேரத்தில் லாட்ஜ் வண்டி வந்து நின்றது. மொலெஃபி இறங்கினார், பின்னாலேயே ஈடித் என்ற வயதான விருந்தாளி, கையில் பூங்கொத்தோடு. நேராக அம்மாவிடம் போய் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு ஆங்கிலத்தில் ஏதோ சொல்லி விசும்பினாள்.

"என்னடி சொல்றா?"

"நமக்கு நடந்ததக் கேட்டு மனசு தாங்கலயாம்" என்றாள் வாமே. அதற்கு மேல் சொல்ல நாக்கு எழவில்லை.

வயல் போனதற்கு ஊரில் ஒருத்தர் வந்து எட்டிப் பார்க்கவில்லை. அம்மா வாய்விட்டு அழுதாள். இருந்த ஒரே நாற்காலியை இழுத்துப் போட்டாள். "எங்கேயோ பொறந்தவ, என் சோளத்துக்கு அழ வந்திருக்கா பாரு! இவளுக்கு இருக்கிற ஈரம் நம்மாளுக்கு இல்லையே!"

மொலெஃபி பதறிப்போய் வாமேயை நெருங்கினார். வெள்ளைக்காரிக்குப் புரியாது என்ற தைரியத்தில் சொந்தப் பாஷையிலேயே பேசினார். "சோளம் கீளம்னு வாயத் தொறந்துடாத. அந்தம்மா யானைக்குத்தான் துக்கம் கேக்க வந்திருக்கு. இருட்டினதும் நெருப்புகிட்ட இளவரசனுக்கு அஞ்சலி, நீதான் பேசற. வரலேன்னா நாளையிலேருந்து வரவே வேண்டாம்."

அவர் பாஷை அம்மாவின் பாஷையும்தான் என்பது அவருக்குத் தோன்றவேயில்லை.

அம்மாவின் அழுகை நின்றது. ஈடித்தின் கைக்குள்ளிருந்து தன் கையை மெதுவாக உருவிக்கொண்டாள். பாதி பொறுக்கிய முறத்தைப் பார்த்தாள். வண்டியைப் பார்த்தாள். பிறகு மேல்துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். தகரப் பெட்டி திறக்கும் சத்தம் கேட்டது.

ஈடித் மூக்கை உறிஞ்சிவிட்டு, மூலையில் கொதிக்கும் டின்னைப் பார்த்துச் சிரித்தாள். வாசனை நன்றாக இருக்கிறதே, என்ன சமையல் என்று கேட்டாள்.

"மாட்டுக்கறி. மாட்டுக்கறின்னு சொல்லு" என்றார் மொலெஃபி, பல்லைக் கடித்துக்கொண்டு.

அம்மா வெளியே வந்தாள். கையில், பெரிய விருந்தாளிகளுக்கென்று எடுத்து வைத்திருக்கும் நீலப் பூப்போட்ட தட்டு. அதை வாமேயிடம் நீட்டினாள்.

"எழவு கேக்க வந்தவள ஒரு வாய் கறி போடாம அனுப்புறது நம்ம வழக்கமில்ல. போடு."

"அம்மா..."

"போடுடி. என்னான்னு கேட்டா, உள்ளதச் சொல்லு."

வாமே டின்னின் மூடியைத் திறந்தாள். ஆவி முகத்தில் அடித்தது. மொலெஃபியின் கை அவள் தோளை எட்டி, தொடாமல் அந்தரத்தில் நின்றது. அவள் கறியை எடுத்துத் தட்டில் வைத்துத் திரும்பினாள்.

ஈடித் பூங்கொத்தைக் கீழே வைத்தாள். வந்த முதல் நாள் லாட்ஜில் வாமே சொல்லிக்கொடுத்தபடியே, இந்த ஊர் மரியாதைப்படி, தட்டை வாங்க இரண்டு கைகளையும் சேர்த்து நீட்டினாள்.